சிறுமலையும் நேர்கோடும்: திருச்சிராப்பள்ளி – மதுரை இடைத்தொலைவும் பயணக் காலமும்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி விமான நிலையம் வட அகலக்கோடு 10.77 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 78.71 பாகையிலும் அமைந்துள்ளது. மதுரை விமான நிலையம் 9.83, 78.09 பாகைகளில் உள்ளது. இப்பகுதியில் ஓர் அகலக்கோட்டுப் பாகை ஏறத்தாழ 110.6 கி.மீ.; ஒரு நெடுங்கோட்டுப் பாகை ஏறத்தாழ 109.5 கி.மீ. எனவே இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு சுமார் 123 கி.மீ. என்று எவரும் தாளில் கணக்கிட்டுவிடலாம். ஆயினும் இவ்விரு நிலையங்களையும் நேராக இணைக்கும் வழக்கமான பயணிகள் விமானம் எதுவும் இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு விமானத்திலேயே சென்றாக வேண்டும் என்பவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த் திரும்ப வேண்டும்.

இத்தொலைவைப் பற்றிய பழைய பதிவு ஒன்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. சோழநாட்டின் தென்னெல்லையிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழிகளை அக்காப்பியம் மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று சிறுமலையை ஒட்டிச் செல்கிறது. அவ்வழிகளையும், 1875இல் திண்டுக்கல் வழியாக இடப்பட்ட இருப்புப்பாதையையும், இன்றைய நெடுஞ்சாலைகளையும், வரைபடத்தில் மட்டுமே உள்ள வான்வழி நேர்கோட்டையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். சிறுமலை வழியைத் திண்டுக்கல் வழியோடு ஒன்றாக்கிப் பேசுவது எளிது. மூலத்தின் ஒரு சொல் அதற்கு இடம் தரவில்லை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மறையோன் காட்டிய மூவழி

காடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து தெற்கே செல்லும்போது மாங்காட்டு மறையோனைச் சந்திக்கின்றனர். மதுரைக்குச் செல்லும் வழி யாது என்று கோவலன் வினவ, கொடும்பைக் குளக்கரையில் வழி முக்கவராகப் பிரியும் என்கிறான் மறையோன். சிவபெருமான் ஏந்திய சூலத்தைப் போன்று வழி பிரிவதாக அவன் கூறும் உவமை பலரும் அறிந்தது. கொடும்பை என்பது விராலிமலைக்குத் தெற்கேயுள்ள இன்றைய கொடும்பாளூர் என்று கொள்வர். இருக்குவேளிரின் தலைநகராக விளங்கி மூவர் கோயிலால் அறியப்படும் ஊர் அது.

வலப்பக்க வழி வறண்ட காட்டினூடே செல்கிறது. நீர் வேட்கையால் மான்கள் கதறும் நிலமும் எயினர் குடியிருப்பும் அவ்வழியில் எதிர்ப்படும். அவற்றைக் கடந்தால் மலைநெல், கரும்பு, தினை, வரகு, உள்ளி, மஞ்சள், கவலைக்கொடி, வாழை, கமுகு, தெங்கு, மா, பலா ஆகியவை சூழ்ந்த சிறுமலை தோன்றும். பாண்டியனுக்கு உரியது என்ற அடையும் மலைப்பெயருக்கு முன் வருகிறது. இடப்பக்க வழி திருமால்குன்றத்தை, அதாவது அழகர்மலையை, அடைகிறது. அங்குள்ள பிலமும் மூன்று பொய்கைகளும் பற்றி மறையோன் மிக விரிவாகப் பேசுகிறான். நடுவழி ஊர்களும் சோலைகளும் உடையது. எனினும் அங்கே வழிச்செல்வோரை மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்று எச்சரிக்கிறான்.

இப்பகுதியை ஆராய்வோர் பலரும் பிலத்தின் அற்புதங்களிலும் கானுறை தெய்வத்தின் மயக்கிலும் கருத்தைச் செலுத்துவர். வழிநடைக் குறிப்பு என்ற நிலையில் மிகத் தெளிவானது வலப்பக்க வழியே. அற்புதம் ஏதும் அதில் இல்லை. எந்நிலத்தில் நீர் கிடையாது, எங்கு மக்கள் இருப்பர், எம்மலையின் அடியில் என்ன விளையும் என்பவை மட்டுமே உள்ளன. அவ்வழியே நடந்தவர் சொல்லக் கேட்டு எழுதியதைப் போன்ற பகுதி இது.

கொடும்பாளூரின் இருப்பிடத்தை வரைபடத்தில் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். திருச்சி, மதுரை நகரங்களின் இருப்புப்பாதை நிலையங்களை ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அக்கோடு கொடும்பாளூரை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டே செல்கிறது. விமான நிலையங்களை இணைத்தால் கோடு சில கி.மீ. கிழக்கே நகரும், அவ்வளவுதான். அக்கோட்டைத் தெற்கே நீட்டினால் துவரங்குறிச்சிக்கு அருகிலும், பின்னர் அழகர்மலையை ஒட்டியும் சென்று மதுரையை அடையும். சிறுமலை அக்கோட்டுக்கு மேற்கே சுமார் 30 கி.மீ. தள்ளி நிற்கிறது. ஆகவே மறையோன் கூறிய மூன்றனுள் இடப்பக்க வழியே நேர்கோட்டுக்கு மிக நெருங்கியது. சிறுமலை வழி சுற்றுவழி. சுற்றுவழியையே அவன் முதலில் கூறுகிறான் என்பது கவனிக்கத்தக்கது.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருவோம். சிறுமலையை 'வலங்கொண்டு' செல்லுமாறு மறையோன் பணிக்கிறான். வலங்கொள்ளுதலாவது ஒன்றைத் தன் வலப்பக்கத்தே வைத்துச் சுற்றுதல். வடக்கிலிருந்து தெற்கே நடப்பவனுக்கு மலை வலப்பக்கத்தில் அமைய வேண்டுமானால் அவன் மலையின் கீழைச் சரிவை ஒட்டி, இன்றைய நத்தம் பள்ளத்தாக்கு வழியாகவே செல்ல வேண்டும். திண்டுக்கல், அம்பாத்துரை, கொடைரோடு, சோழவந்தான் வழியாகச் செல்பவனுக்கு மலை இடப்பக்கத்தில் நிற்கும். எனவே இன்றைய திண்டுக்கல் வழியைச் சிலப்பதிகாரத்தின் சிறுமலை வழியாகக் கொள்வது மூலத்தோடு முரண்படுகிறது. வலங்கொள்ளுதலை வெறும் வழிபாட்டு மரபாகக் கொண்டு, திசைக்குறிப்பு அன்று என்று வாதிடலாம். ஆனால் வழி கேட்டவனுக்கு விடை கூறும் இடத்தில், அதிலும் நிலக்குறிப்புகளே நிறைந்த பகுதியில், அச்சொல்லை நேர்ப்பொருளில் கொள்வதே பொருந்தும் எனத் தோன்றுகிறது.

காதமும் சாமமும்

வழியின் நீளத்தை அக்காப்பியம் எவ்வாறு அளக்கிறது? புகாரைவிட்டுச் சிறிது தொலைவு நடந்த அளவிலேயே மதுரை எங்குள்ளது என்று கண்ணகி கேட்கிறாள். முப்பது காதத் தொலைவு என்று கூறும் கோவலன், அது அண்மையில்தான் உள்ளது என்றும் ஆறுதலாகச் சேர்த்துக்கொள்கிறான். பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 233 கி.மீ.; அவர்கள் சென்றதுபோல் காவிரிக்கரை வழியாக உறையூர் வந்து தெற்கே திரும்பினால் 300 கி.மீ. அளவில் ஆகும். முப்பதால் வகுத்தால் ஒரு காதத்துக்குச் சுமார் 10 கி.மீ. கிடைக்கிறது.

பிற்கால அளவை வாய்பாடுகள் இதனோடு ஒத்துவரவில்லை. 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பிடு, 4 கூப்பிடு ஒரு காதம் என்னும் வாய்பாட்டின்படி, முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால், காதம் 4 கி.மீ.க்கும் குறைவு. ஆங்கிலேயர் காலத்தில் காதத்தை 10 மைலாக, அதாவது 16 கி.மீ. ஆகக் கொண்டனர். முதற்கணக்கின்படி புகாரிலிருந்து மதுரை 110 கி.மீ.; இரண்டாவதன்படி 480 கி.மீ. இரண்டுமே நிலத்தோடு பொருந்தா. இலக்கியத்தில் வரும் காதத்தை வாய்பாட்டைக் கொண்டு கி.மீ. ஆக மாற்றும் வழக்கத்தை ஆய்வாளர்கள் கைவிடுவது நலம்.

வேறொரு வாய்பாடு தெளிவு தருகிறது. ஏழரை நாழிகை வழி ஒரு காதம் என்பது அது. நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை 3 மணி நேரம், அதாவது ஒரு சாமம். ஒரு சாமத்தில் நடந்து கடக்கும் வழி காதம் எனக் கொண்டால், கண்ணகி போன்ற நடைபழகாதவர் உடன்வரும்போது 10 கி.மீ. என்பது இயல்பான அளவே. காதம் காலத்திலிருந்து பிறந்த தொலைவு. நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்க இயலாமல், இடையிடையே பல நாள் தங்கித் தங்கிச் சென்றனர் என்று நாடுகாண் காதை கூறுவதால், மதுரைப் பயணம் ஒரு மாதத்துக்குக் குறைந்திருக்க முடியாது. பின்னர்ப் பாண்டிநாட்டு வெயிலுக்கு அஞ்சி நிலவொளியில் நடக்க முடிவுசெய்தனர் என்பதும் காலக்கணக்கின் ஒரு பகுதியே.

பெருவழிகளில் காதக்கல் நடும் வழக்கமும் இருந்தது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் நாவற்தாவளத்துக்கு எஞ்சியுள்ள தொலைவைக் காதத்தில் குறிக்கின்றன. ஒன்றில் 29, மற்றொன்றில் 27. எண்ணை எழுத்தால் பொறித்ததோடு குழிகளாலும் காட்டியிருப்பது, எழுத்தறியாத வணிகச் சாத்தினரும் வழிச்செல்வோரும் அக்கற்களைப் பயன்படுத்தினர் என்பதை உணர்த்துகிறது.

கோட்டையும் இருப்புப்பாதையும்

திண்டுக்கல்லின் சிறப்பு திருச்சி–மதுரை வழியால் வந்ததன்று. சிறுமலைக்கும் பழனிமலைத் தொடருக்கும் இடையிலான வாயிலை அதன் பாறைக்கோட்டை காத்து நின்றது. கொங்குநாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு இறங்கும் படைகளுக்கு அதுவே வழி. 1755இல் ஐதர் அலி அங்குப் பௌஜ்தாராக அமர்ந்ததும், 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லைத் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் கேட்டுப் பெற்றதும் இந்த மேற்கு–தெற்கு வழியின் பொருட்டே.

அதன்பின் பத்தாண்டுகளில் நேர்கோட்டு அளவை இந்நாட்டுக்கு வந்தது. 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, நடந்துசெல்லும் வழியைப் பொருட்படுத்தாமல் குன்றுக்குக் குன்று கோணம் எடுத்துத் தொலைவைக் கணக்கிட்டது. குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் பெரிய கோயில் விமானத்தின்மீது 1808இல் கோணமானியை ஏற்றும்போது அது மோதிச் சேதமுற்ற செய்தி நன்கு அறியப்பட்டது. ஒருவரும் நடக்காத, நடக்கவும் இயலாத கோடு ஒன்றே இரு ஊர்களின் மெய்யான இடைத்தொலைவு என்னும் எண்ணம் அக்காலத்தில்தான் இங்கு வேரூன்றியது. விமான நிலையங்களின் இடைத்தொலைவு என்று நாம் கூறுவது அந்தக் கோட்டையே.

இருப்புப்பாதை அக்கோட்டைப் பின்பற்றவில்லை. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் பாதை திறக்கப்பட்டபோது அது மணப்பாறை, வடமதுரை வழியாகத் தென்மேற்கே சென்று திண்டுக்கல்லை அடைந்து, சிறுமலையின் மேற்கே தெற்கு நோக்கித் திரும்பியது. நேர்கோட்டில் 115 கி.மீ. உள்ள நகரங்களுக்கிடையே பாதையின் நீளம் சுமார் 155 கி.மீ. ஆயிற்று. 40 கி.மீ. கூடுதலுக்குக் கிடைத்தது திண்டுக்கல் சந்தையும், பழனிமலை அடிவாரமும், கொடைக்கானல் செல்வோர் இறங்கும் அம்மையநாயக்கனூர் நிலையமும். 1928இல் பொள்ளாச்சிப் பாதை வந்து சேர்ந்தபோது கோட்டையின் பழைய மேற்கு வழியும் இருப்புப்பாதை வடிவம் பெற்றது.

காலமும் அப்போது மாறியது. சாமமும் நாழிகையும் ஊருக்கு ஊர் கதிரவனைப் பொறுத்தவை. இருப்புப்பாதையோ சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தைத் திண்டுக்கல்லுக்கும் தந்தது. 1906இல் இந்தியப் பொதுநேரம் வந்தது.

இலங்கை அஞ்சல் விலகிய கதை

1876இல் தூத்துக்குடி வரை பாதை நீண்டபின், சென்னையிலிருந்து கொழும்பு செல்லும் அஞ்சலும் பயணிகளும் திண்டுக்கல் வழியாகவே சென்று தூத்துக்குடியில் கப்பலேறினர். தோட்டத் தொழிலாளரும் வணிகரும் அலுவலரும் கடந்து சென்ற பன்னாட்டு வழியில் திண்டுக்கல் ஒரு நிலையம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் வந்தபோது கடற்பயணம் ஓர் இரவிலிருந்து சில மணி நேரமாகச் சுருங்கியது. எனினும் வண்டி மதுரையைத் தொட்டே மானாமதுரை சென்றதால் திண்டுக்கல் வழியிலேயே இருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டை வழியாகத் திருச்சி–மானாமதுரைப் பாதை நிறைவுற்றதும் இலங்கை வண்டி கிழக்கே நகர்ந்தது. நேரான பாதை கிடைத்தவுடன் வளைவில் இருந்த ஊர் விடுபட்டது.

எட்டாண்டு கழித்து அதே நேர்கோடு வானுக்கு ஏறியது. 1932இல் கராச்சியிலிருந்து சென்னைக்கு அஞ்சல் விமானம் தொடங்கிய டாட்டா நிறுவனம், 1938இல் அச்சேவையைத் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீட்டியது. இதனால் திருச்சி விமான வழியின் நிலையமாயிற்று, மதுரை ஆகவில்லை. மதுரையின் விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் பயன்பாட்டில் இருந்தது. பயணிகள் சேவை 1950களின் பிற்பகுதியில்தான் வந்தது. மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் புறப்பட்டது 2012இல், அதுவும் கொழும்புக்கே. தென்னாட்டு ஊர்களின் வான்வழி வரலாற்றை எழுதுவோர் சென்னையைவிடக் கொழும்பை உற்றுநோக்க வேண்டும் என்பது என் கருத்து.

விமானத்தின் நாழிகை

123 கி.மீ. தொலைவை மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் சுழலி விமானம் கால் மணி நேரத்தில் கடக்கும். இது தாளில் உள்ள காலம். மெய்யான விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதை முனையை அடைந்து, ஏறி, திரும்பி, சிறிது பறந்து, உடனே இறங்கத் தொடங்க வேண்டும். இரு நிலையங்களின் ஓடுபாதைகளும் கிழக்கு–மேற்காக அமைந்தவை, வழியோ வடகிழக்கு–தென்மேற்கு. ஆகவே இரு முனையிலும் வளைந்தாக வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறைந்து இப்பயணம் முடியாது. ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருப்பதையும், மதுரை நிலையம் நகருக்குத் தெற்கே பல கி.மீ. தள்ளியிருப்பதையும் சேர்த்தால், விராலிமலை, மேலூர் வழியாக நான்குவழிச் சாலையில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் செல்லும் பேருந்துக்கும் விமானத்துக்கும் வேறுபாடு இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி, திண்டுக்கல்லைச் சுற்றியும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் திருச்சியிலிருந்து மதுரையை அடைகிறது.

அரசின் கொள்கையும் தொலைவைக் காலத்தால் அளந்தது. 2016இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம், ஒரு மணி நேரப் பறப்பைச் சுமார் 500 கி.மீ. எனக் கொண்டு அதற்கு 2,500 ரூபாய் கட்டண வரம்பு வைத்தது; மலை, தீவு போன்ற இடங்கள் நீங்கலாக 200 கி.மீ.க்குக் குறைந்த வழிகளுக்கு அதில் இடமில்லை. ஒரு மணி நேரப் பறப்பு என்னும் அலகு, சாம நடை என்னும் காதத்தின் உறவுமுறையே.

இதனோடு திருச்சி–யாழ்ப்பாணம் வழியை ஒப்பிட வேண்டும். அதன் வான்வழித் தொலைவு சுமார் 184 கி.மீ.; அதுவும் 200க்கு உள்ளேதான். 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. போர்க்காலத்தில் தடைப்பட்ட பலாலி, 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 மார்ச் 30இல் இண்டிகோ நிறுவனம் திருச்சி–யாழ்ப்பாணச் சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். 184 கி.மீ.க்கு விமானம் உண்டு, 123 கி.மீ.க்கு இல்லை. இடையில் கடல் கிடப்பதும், அதைக் கடக்க ஒரு காலத்தில் இருந்த தனுஷ்கோடிக் கப்பல்வழி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்ததும், தரைவழியாகச் சென்று அடைய முடியாத உறவினர் இருகரையிலும் இருப்பதும் இதன் காரணங்கள்.

திண்டுக்கல்லின் கணக்கு

திண்டுக்கல்லுக்கு விமான நிலையம் இல்லை. நகரிலிருந்து நேர்கோட்டில் மதுரை நிலையம் சுமார் 60 கி.மீ., திருச்சி நிலையம் 92 கி.மீ., கோயம்புத்தூர் நிலையம் 125 கி.மீ. மூன்றுக்கும் நடுவே நிற்கும் ஊர் எதற்கும் உரியதாகவில்லை. வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் திண்டுக்கல்காரர், அருகிலுள்ள மதுரையை விட்டுத் திருச்சிக்கு வண்டி பிடிப்பது இயல்பு. அவருக்கு வேண்டிய விமானம் எங்கிருக்கிறதோ அதுவே அண்மை.

சிறுமலையில் இக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது. காப்பியம் பெயர் சொல்லும் வாழை இன்றும் அம்மலையின் முதற்பயிர்களுள் ஒன்று. சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. பலாவும் எலுமிச்சையும் காப்பியும் மிளகும் உடன் விளைகின்றன. தோட்டத்திலிருந்து சாலைவரை குதிரை முதுகிலும், அங்கிருந்து கொண்டையூசி வளைவுகள் வழியாக வண்டியிலும் குலைகள் திண்டுக்கல் சந்தைக்கு இறங்குகின்றன. மலைமீதிருந்து நகருக்கு நேர்கோட்டில் பார்த்தால் கை நீட்டும் தொலைவு. பழத்துக்கோ அது காலைப்பொழுது முழுவதும். அவ்விடத்தில் தொலைவை இன்னும் சாமத்தால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே மலையின் கிழக்குப்புறம் மாறியுள்ளது. மதுரையிலிருந்து நத்தம் வழியாகத் துவரங்குறிச்சிக்குச் செல்லும் 785ஆம் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியாக்கப்பட்டது. மதுரை நகரிலிருந்து அதற்கு ஏறும் 7.3 கி.மீ. மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திருச்சியிலிருந்து அவ்வழியே மதுரைக்கு இறங்குபவருக்கு நத்தத்தைக் கடக்கையில் வலப்பக்கத்தில் நீண்டு கிடப்பது சிறுமலை.